ரொக்கப்பணமும் காயலான் கடை இரும்பும்

சுயேச்சையான ராக் குழு என்றதும் ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. பெரிய கம்பெனியின் காண்ட்ராக்டைக் கிழித்துப் போடுகிற, கலைந்த தலைமுடியோடு நாலு பேர். சினிமாவுக்கு நல்ல காட்சிதான். ஆனால் கிழித்துப் போட்ட மறுநாள் காலையில் ஸ்டூடியோ வாடகையை யார் கொடுப்பது, ரெக்கார்டிங் என்ஜினியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும், அந்த நாலு பேரும் என்ன சாப்பிடுவார்கள் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. சுதந்திரம் என்பது கொள்கையா, கணக்கு வழக்கா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று நாற்பது வருடத்துக்கு மேலாக நிரூபித்துக் காட்டிய குழு ஒன்று பெர்லினில் இருக்கிறது.

பெயர் ஐன்ஷ்டூர்ட்செண்டே நொய்பௌட்டன். வாயில் நுழையாத பெயர் என்று மிரள வேண்டாம். ‘இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்’ என்று பொருள். ரசிகர்களே நொய்பௌட்டன் என்று சுருக்கித்தான் சொல்கிறார்கள். இன்டஸ்ட்ரியல் ராக் என்றால் நம்மில் பலருக்கும் நைன் இன்ச் நெயில்ஸ்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தக் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர் நடத்திய நத்திங் ரெக்கார்ட்ஸ்தான் நொய்பௌட்டனின் ஆல்பம் ஒன்றை அமெரிக்காவில் வெளியிட்டது. ஆக, இவர்கள் அந்த வீட்டின் பெரியவர்கள் மாதிரி.

கதை 1980 ஏப்ரல் 1 அன்று மேற்கு பெர்லினில் மூன் என்ற கிளப்பில் தொடங்குகிறது. மேடையில் நாலு பேர்: பிளிக்ஸா பார்கெல்ட், என்.யூ. உன்ரூ, கூட்ரூன் கூட், பியாட்டே பார்ட்டெல். பெண்கள் இருவரும் சீக்கிரமே விலகித் தங்கள் வழியில் போனார்கள். (கூட்ரூன் கூட் பின்னாளில் மலேரியா என்ற பெண்கள் குழுவில் பெயர் வாங்கியவர். இந்தக் குழுவின் வரலாற்றில் அவருக்கு ஒரு வரி மட்டும் ஒதுக்குவது அநியாயம்தான், இங்கேயும் அதே அநியாயம் நடக்கிறது.) முதல் கச்சேரி நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மே 21 அன்று பெர்லினின் பெருமையாக இருந்த காங்கிரஸ் ஹாலின் கூரை நிஜமாகவே இடிந்து விழுந்தது. 1957இல் கட்டிய கட்டடம். இந்தப் பெயருக்கு இப்படி ஒரு இலவச விளம்பரம் கிடைக்கும் என்று யார் எதிர்பார்த்திருக்க முடியும்!

அன்றைய மேற்கு பெர்லின் விசித்திரமான ஊர். நாலு பக்கமும் சுவர். அங்கே குடியிருந்தால் மேற்கு ஜெர்மனியின் கட்டாய ராணுவ சேவை கிடையாது. வாடகை மலிவு. காலியாகக் கிடந்த பழைய வீடுகளில் இளைஞர்கள் புகுந்து குடியேறிக்கொண்டிருந்தார்கள். காசில்லாத கலைஞனுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது.

காசில்லை என்பதைத்தான் இங்கே அடிக்கோடிட வேண்டும். இரும்புத் தகட்டையும் ஸ்பிரிங்கையும் உலோக டிரம்மையும் இவர்கள் அடித்து வாசித்ததற்குக் கலைத் தத்துவம், எதிர்ப்பு அரசியல், டாடாயிசம் என்று பெரிய பெரிய விளக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் தொடக்கம் சாதாரணமானது. உன்ரூ கையில் பணம் இல்லாமல் தன் டிரம்ஸ் செட்டை விற்றுவிட்டார். தாளம் வேண்டும், டிரம்ஸ் இல்லை. கட்டட வேலை நடக்கிற இடத்திலும் குப்பையிலும் கிடைத்த இரும்பைப் பொறுக்கி வந்து தட்டினார். நம் ஊரில் பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற சாமான்கள் அங்கே வாத்தியம் ஆயின. 1980 ஜூனில் பார்கெல்டும் உன்ரூவும் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்ளே இருந்த வெற்றிடத்துக்குள் போய் ஒலிப்பதிவு செய்தார்கள். ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவனுக்குப் பாலத்தின் வயிறே எதிரொலிக் கூடம்.

பார்கெல்டின் இயற்பெயர் கிறிஸ்டியான் எம்மெரிக். ‘பிளிக்ஸா’ ஒரு பேனா கம்பெனியின் பெயர். ‘பார்கெல்ட்’ என்றால் ஜெர்மன் மொழியில் ரொக்கப்பணம். டாடா ஓவியர் ஒருவரின் நினைவாக வைத்துக்கொண்டது என்றாலும், ஒன்றுமில்லாத காலத்தில் ரொக்கப்பணம் என்று பெயர் வைத்துக்கொண்ட குசும்பை ரசிக்காமல் இருக்க முடியாது. ஆண்ட்ரூ சூடி என்ற நியூயார்க்கில் பிறந்த பையன் ‘உன்ரூ’ ஆனார். அமைதியின்மை என்று பொருள். ஹாம்பர்க்கின் ஆப்வேர்ட்ஸ் குழுவிலிருந்து வந்து சேர்ந்த ஃபிராங்க் மார்ட்டின் ஸ்ட்ராஸ், எஃப்.எம். ஐன்ஹைட் ஆனார். அதே குழுவிலிருந்து பேஸ் கிதார் வாசிக்க மார்க் சுங் வந்தார். அலெக்ஸாண்டர் ஹாக்கே சேர்ந்தபோது அவருக்கு வயது பதினைந்து. பத்தாவது படிக்கிற வயது!

முதல் ஆல்பம் ‘கொலாப்ஸ்’ 1981இல் வந்தது. அதன் அட்டைப் படத்தைத் தேடிப் பாருங்கள். பெர்லின் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு முன்னால் தங்கள் சாமான்களை எல்லாம் தரையில் ஒழுங்காகப் பரப்பி வைத்துவிட்டு நிற்கிறார்கள். பிங்க் ஃபிளாய்ட் ‘உம்மகும்மா’ ஆல்பத்தின் பின்னட்டையில் தங்கள் விலையுயர்ந்த கருவிகளை எல்லாம் அப்படித்தான் பரப்பிக் காட்டியிருந்தார்கள். அதற்கான நக்கல் இது. அவர்களிடம் ஆம்ப்ளிஃபயர், இவர்களிடம் சுத்தியல்.

அந்த ஆல்பத்தை முதன்முதலாகக் கேட்பவர்கள் ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். நியாயம்தான். பக்கத்து வீட்டில் மாடி எடுத்துக் கட்டும்போது கேட்கிற சத்தத்தை ஏன் காசு கொடுத்துக் கேட்க வேண்டும் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. ஆகவே புதியவர்கள் அங்கே தொடங்க வேண்டாம். 1985இல் வந்த ‘ஹால்பர் மென்ஷ்’ (பாதி மனிதன்) நல்ல வாசல். தலைப்புப் பாட்டில் வாத்தியமே இல்லாமல் குரல்களை மட்டும் அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதைக் கேட்டபின் ‘கொலாப்ஸ்’ பக்கம் திரும்பினால், அங்கேயும் யாரோ எண்ணி எண்ணித்தான் அடித்திருக்கிறார்கள் என்பது புரியத் தொடங்கும்.

இந்தக் குழுவைப் பற்றி எழுதும் எல்லோரும் ஒரு சம்பவத்தைச் சொல்லியே தீருவார்கள். 1984 ஜனவரி 3, லண்டன் ஐ.சி.ஏ. கலை மையம். ‘குரலுக்கும் இயந்திரங்களுக்குமான கான்செர்ட்டோ’ என்ற நிகழ்ச்சி. கான்கிரீட் கலக்கும் மெஷின், டிரில்லிங் மெஷின், மரம் அறுக்கும் மின்ரம்பம் எல்லாம் மேடையில் ஓடின. ஒரு கட்டத்தில் மேடையையே துளைக்க ஆரம்பித்தார்கள். சுமார் இருபது நிமிடத்தில் நிர்வாகம் நிறுத்தியது, கூட்டம் கொந்தளித்தது, கலாட்டா. பெரிய புரட்சிக் கதையாக இது இன்றுவரை சொல்லப்படுகிறது. குழுவின் குரல் என்று அறியப்பட்ட பார்கெல்டுக்கு அதில் பெரிய பங்கே இல்லை என்பது வேடிக்கை. அதைவிட வேடிக்கை, 2007இல் அதே ஐ.சி.ஏ. மேடையில் ஒரு கலைஞர் அந்தக் கலாட்டாவை ஒத்திகை பார்த்து, திட்டமிட்டு மறுபடி நடத்திக் காட்டினார். மேடையை உடைப்பது சுலபம். அடுத்த நாள் அது பத்திரிகைச் செய்தி, இருபது வருடம் கழித்தால் மியூசியச் சரக்கு. இந்தக் குழு செய்த உண்மையான கலகம் அதற்கு ரொம்பப் பின்னால், ரொம்ப சத்தமில்லாமல் நடந்தது.

அதற்கு முன் நடுவில் நடந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். ஹாம்பர்க், லண்டன் என்று சின்னச் சின்ன நிறுவனங்களில் ஆல்பங்கள் வந்தன. ஜப்பானிய இயக்குநர் சோகோ இஷி கைவிடப்பட்ட ஒரு இரும்பாலையில் வைத்து இவர்களைப் படம் எடுத்தார். பார்கெல்ட் 1983 முதல் 2003 வரை நிக் கேவின் பேட் சீட்ஸ் குழுவில் கிதாரும் வாசித்துக்கொண்டிருந்தார். 1993இல் யூ2வின் பிரம்மாண்டமான சுற்றுப்பயணத்தில் முன்னோட்டக் குழுவாக ராட்டர்டாமில் ஏறினார்கள். கூட்டம் கூச்சலிட்டது. மேடையிலிருந்து ஒரு இரும்புத் துண்டு கூட்டத்துக்குள் பறந்தது. அத்தோடு யூ2 சகவாசம் முடிந்தது. (இதை வீரம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. கீழே நின்றவன் தலையை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.)

பிறகு மார்க் சுங் 1994இல் விலகினார், ஐன்ஹைட் 1995இல். இரும்பை இசையாக்கிய கைகளில் முக்கியமான ஜோடிக் கைகள் ஐன்ஹைடுடையவை. இத்தோடு குழு முடிந்தது என்று அன்று சொன்னவர்கள் பலர், இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் சிலர். 1996இல் வந்த ஆல்பத்துக்கு ‘எண்டே நொய்’ என்று பெயர். முடிவு, புதிது. குழுவின் பெயரின் நடுவிலிருந்தே வெட்டி எடுத்த எழுத்துகள். அதில் மெரெட் பெக்கரோடு பார்கெல்ட் சேர்ந்து பாடிய ‘ஸ்டெல்லா மாரிஸ்’ ஒரு காதல் பாட்டு என்றே சொல்லிவிடலாம். 1997இல் யோகன் ஆர்பைட், ருடால்ஃப் மோசர் இருவரும் சேர்ந்தார்கள். 2000இல் ‘சைலன்ஸ் இஸ் செக்ஸி’ வந்தது. மேடையைத் துளைத்த குழு, ஒரு பாட்டின் நடுவில் வாத்தியங்களை நிறுத்திவிட்டு சிகரெட் இழுக்கும் சத்தத்தைக் கேட்க வைத்தது. பழைய ரசிகர்கள் இதை ‘வயசாகிவிட்டது’ என்றார்கள். காது கொடுத்துக் கேட்டால் அப்படியில்லை. அமைதி பக்கத்தில் இருந்தால்தான் ஒரு தட்டு, தட்டாகக் கேட்கும். எல்லாமே சத்தமாக இருந்தால் சத்தம் என்று தனியாக ஒன்று ஏது?

இப்போது அந்த சத்தமில்லாத கலகத்துக்கு வருவோம்.

2002. நாப்ஸ்டரை நீதிமன்றம் மூட வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது, ஆனால் எம்பி3 யார் கைக்கும் அடங்கவில்லை. ரெக்கார்டு கம்பெனிகள் பயந்துபோய் முதலில் சின்னக் குழுக்களைக் கைவிட்டன. நொய்பௌட்டனுக்கும் அப்போது கையில் ஒப்பந்தம் இல்லை. பார்கெல்டின் மனைவி எரின் ஷூ ஒரு யோசனை சொன்னார்: ஆல்பத்தை முடித்துவிட்டு விற்பதற்குப் பதில், கேட்கப்போகிறவர்களிடமே முன்பணம் வாங்கிக்கொண்டு ஆல்பத்தைச் செய்தால் என்ன? இணையத்தில் சேர்ந்து பணம் கட்டியவர்களுக்கு ‘ஆதரவாளர்’ என்று பெயர். அவர்களுக்கு மட்டும் தனி ஆல்பம், கடைகளில் கிடைக்காது. கூடவே ஒத்திகைக் கூடத்தில் கேமரா. குழு வேலை செய்வதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம், அவர்கள் அதைப் படிப்பார்கள்.

இதற்கு முன் யாருமே செய்ததில்லை என்று சொன்னால் பொய். இங்கிலாந்தின் மரில்லியன் குழு ரசிகர்களிடம் முன்பணம் வாங்கி 2001இலேயே ஆல்பம் போட்டுவிட்டது. ஆனால் கேமராவை வைத்து, வேலை அரைகுறையாக இருக்கும்போதே கதவைத் திறந்துவிட்டது வேறு விஷயம். சொந்த அனுபவத்தில் யோசித்துப் பாருங்கள். பாதி எழுதிய அசைன்மெண்டைப் பக்கத்தில் நின்று ஒருவர் எட்டிப் பார்த்தாலே கை ஓடாது. இவர்கள் தாளம் தப்புவதையும், வரி கிடைக்காமல் திணறுவதையும், தங்களுக்குள் முறைத்துக்கொள்வதையும் உலகத்தின் பல மூலைகளில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத ஆட்கள் பார்க்கும்படி வேலை செய்தார்கள். முன்பு கம்பெனி அதிகாரி ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது பணம் கட்டிய அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். இதைச் சுதந்திரம் என்று சொல்ல முடியுமா? முடியும், ஒரு நிபந்தனையோடு. சார்ந்திருப்பதிலிருந்து யாருக்கும் விடுதலை இல்லை. யாரைச் சார்ந்திருப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். நொய்பௌட்டன் தேர்ந்தெடுத்தது கேட்பவனை.

அந்த ஏற்பாட்டின் உச்சம் 2004 நவம்பரில் நடந்தது. பெர்லின் நடுவில், பழைய கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் இருந்த குடியரசு மாளிகை. ஆஸ்பெஸ்டாஸை எல்லாம் சுரண்டி எடுத்தபின் வெறும் எலும்புக்கூடாக நின்றது. இடிப்பதென்று முடிவாகிவிட்ட கட்டடம். அதற்குள் இவர்கள் கச்சேரி நடத்தினார்கள், ஆதரவாளர்கள் பாடகர் கூட்டமாக நின்று சேர்ந்து பாடினார்கள். கம்ப்யூட்டர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அன்று ஆல்பத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். ‘குருண்ட்ஷ்டூக்’ என்ற 2005 ஆல்பத்தில் அந்தக் குரல்கள் இருக்கின்றன. மாளிகையை 2006இல் இடிக்கத் தொடங்கி 2008இல் முடித்தார்கள்.

பிறகு 2007 அக்டோபர். ரேடியோஹெட் தன் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தை ‘விருப்பப்பட்டதைக் கொடுங்கள்’ என்று இணையத்தில் வைத்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் இசைத் தொழிலின் தலையெழுத்து மாறிவிட்டதாக எழுதித் தள்ளின. அதே மாதம்தான் நொய்பௌட்டனின் ‘ஆல்லெஸ் வீடர் ஓஃபன்’ வந்தது. எந்த வெளிக் கம்பெனியும் இல்லை, ஆதரவாளர் பணத்தில் செய்து, தங்கள் சொந்த லேபிளான பொட்டோமாக்கில் வெளியிட்டது. ஐந்து வருடமாகச் சோதித்துப் பார்த்த முறை. யாரும் தலையங்கம் எழுதவில்லை. கிக்ஸ்டார்ட்டர் வருவதற்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. 2002இல் இவர்கள் பணம் கேட்டபோது இருபத்திரண்டு வருடப் பெயர் இவர்களுக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்ததில் ஹாம்பர்க்கின் ஜிக்ஜாக், லண்டனின் சம் பிஸார், மியூட் போன்ற நிறுவனங்களுக்கும் பங்குண்டு. சின்ன லேபிள்கள்தான், ஆனால் லேபிள்கள்தான். 2004இல் ஆதரவாளர்கள் உதவியோடு உருவான ‘பெர்பெட்டூம் மொபிலே’கூட மியூட் வழியாகத்தான் கடைக்குப் போனது. நேற்று தொடங்கிய குழு ஒன்று இணையத்தில் உண்டியலைக் குலுக்கினால் அம்மா, மாமா, நாலு நண்பர்கள் தவிர யார் போடுவார்கள்? ‘நொய்பௌட்டனைப் போலச் செய்’ என்று இன்றைய பையன்களுக்கு உபதேசம் செய்பவர்கள் அந்த இருபத்திரண்டு வருடத்தை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். தவிர, உறுப்பினர்கள் எல்லோருக்கும் வேறு வரும்படியும் தேவைப்பட்டது. பார்கெல்டுக்கு நிக் கேவ் குழு இருந்தது. ஹாக்கே சினிமா பக்கம் போய் ஃபாத்தி அகினோடு வேலை செய்தார். இஸ்தான்புல் இசையைப் பற்றிய 2005ஆம் வருட ஆவணப்படத்தில் நம்மை ஊர் சுற்றிக் காட்டுகிற ஆள் அவர்தான். பார்கெல்ட் ஹார்ன்பாக் என்ற கட்டடச் சாமான் கடைக்கு விளம்பரமும் செய்தார். கேட்டலாக்கில் இருக்கும் பொருள் விவரத்தை அவர் குரலில் கம்பீரமாகப் படிப்பார். துரோகம் என்று கத்தியவர்கள் உண்டு. கட்டட வேலை நடக்கும் இடத்தில் இரும்பு பொறுக்கியவர் கடைசியில் அந்தச் சாமான் கடையிலிருந்தே சம்பளம் வாங்கினார், இதில் என்ன துரோகம்?

மார்க் சுங்கின் பாதை இந்த இடத்தில் சொல்லப்பட வேண்டியது. இவரும் நண்பர் கிளாவ்ஸ் மேக்கும் எண்பதுகளிலேயே ஃபிரைபாங்க் என்ற பெயரில் பாடல் உரிமைகளைக் கவனிக்கும் பதிப்பு நிறுவனம் தொடங்கினார்கள். பாட்டு எழுதியவனுக்கு வர வேண்டிய காசு அவனுக்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் வேலை. சுங் பின்னாளில் ஜெர்மனியின் சுயேச்சை இசை நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். மேடையில் டிரில்லிங் மெஷின் பிடித்தவர்தான்! ரசிகர் கூட்டத்தில் இவரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ராயல்டி கணக்கைப் போஸ்டராக அடித்துச் சுவரில் ஒட்ட முடியாதே.

2014இல் வேறு மாதிரி ஒரு பணம் வந்தது. முதல் உலகப் போரின் நூற்றாண்டுக்காக பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்ட நகரம் இவர்களிடம் ஒரு படைப்பு கேட்டது. ஊர்ப் பணத்தில் செய்யும் நினைவு நாள் இசை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். இவர்கள் ‘லமெண்ட்’ செய்தார்கள். அதில் ஒரு பகுதியில் போரில் இறங்கிய ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒரு தட்டு என்றால் ஒரு நாள். எந்த நாடு எந்த நாளில் போருக்குள் வந்ததோ அந்தத் தட்டில் அதன் குழாய் சேர்ந்துகொள்ளும், விலகிய நாளில் நின்றுவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு வீதம் நாலு வருடப் போர் பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அழுகை இல்லை, வயலின் இல்லை. இரண்டு, மூன்று குழாயில் தொடங்கி, நாடுகள் சேரச் சேர சத்தம் தடித்துக்கொண்டே போகும்போது வயிற்றைப் பிசைகிறது. டிரம்ஸை விற்றுவிட்டு இரும்பைத் தட்டிய அதே உன்ரூவின் புத்திதான், முப்பத்து நாலு வருடம் கழித்து.

2020இல் வந்த ‘ஆல்லெஸ் இன் ஆல்லெம்’ மறுபடி ஆதரவாளர்களோடு செய்தது. அதற்கடுத்து 2022 சுற்றுப்பயணத்தில் ஒவ்வொரு ராத்திரியும் கச்சேரி முடிவில் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் மேடையில் எதையாவது புதிதாக வாசித்துப் பார்த்தார்கள். அப்படி வாசிப்பதற்கு அவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் பெயர் ‘ராம்பென்’, சாய்தளங்கள். ஏறிக் குதிப்பதற்கான பலகை. அந்த ராத்திரிகளின் பதிவுகளை வைத்துக்கொண்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, 2024இல் அதே பெயரில் ஒரு இரட்டை ஆல்பம் போட்டார்கள். துணைத் தலைப்பு ‘வேற்றுக்கிரக பாப் இசை’. அட்டை முழுக்க மஞ்சள், பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பத்துக்கு ஒரு கண் சிமிட்டல். உம்மகும்மாவைக் கிண்டல் செய்த பழக்கம் இன்னும் போகவில்லை.